ஓ.டி. பட்டன் வேலை செய்யவில்லையா? சுவிட்ச் வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் கார், 2005 மாடல், 4 கியர் ஆட்டோமேட்டிக். கியர் லிவரின் பக்கவாட்டில் கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும், 4-வது கியருக்குப் போகவிடாமல் தடுக்கும் ஓவர் டிரைவ் (ஓ.டி.) பட்டன் ஒரு மாதமாக ஒழுங்காக வேலை செய்யவில்லை, ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது ஓ.டி. ஆஃப் விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது, மெக்கானிக் ஒருவர் கியர்பாக்ஸைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார், சுவிட்சை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கியர்பாக்ஸை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: லிவரை டி-யிலேயே (வழக்கமாக ஓட்டும் நிலை) வைத்துக்கொண்டு லேசாக ஆட்டினாலும் விளக்கு மினுக்குகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். கியர்பாக்ஸுக்குள் கிளட்சோ வால்வோ கெட்டிருந்தால் லிவரைக் கையால் ஆட்டுவதற்கும் விளக்குக்கும் இப்படி ஒரு சம்பந்தம் வராது. கோளாறு பெரும்பாலும் லிவருக்குள்ளேயே இருக்கிறது. அதிலும் சுவிட்சைவிட, சுவிட்சில் இருந்து கீழே இறங்கும் ஒயர் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே தவறை நான் செய்திருக்கிறேன். என் வண்டியும் அந்தக் காலத்து 4 கியர் ஆட்டோமேட்டிக்தான், 2004 மாடல். வீடு அழகாபுரத்தில், மனைவியின் அம்மா வீடு ஏற்காட்டில் என்பதால் மாதத்துக்கு மூன்று நான்கு தடவை மலை ஏறி இறங்கும். பட்டன் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் சுவிட்ச்தான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பழைய மாடல் என்பதால் எங்கும் கிடைக்காமல் மூன்று வாரம் அலைந்து, கடைசியில் ஒன்றை வாங்கி மாட்டினேன். நான்கு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் கோரிமேடு தாண்டும்போது விளக்கு மறுபடி மினுக்க ஆரம்பித்துவிட்டது. திரும்பக் கழற்றி, இந்த முறை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, லிவரின் அடியில் ஒயர் வளையும் இடத்தில் மேலே ரப்பர் உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்புக் கம்பி அறுந்து கிடக்கிறது. புது சுவிட்ச் மாட்டும்போது ஒயரை இழுத்து நேராக்கியதில் அறுந்த முனைகள் நான்கு நாளைக்குத் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன, அவ்வளவுதான். பழைய சுவிட்சைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தேன், அதற்கு ஒரு குறையும் இல்லை. இன்றும் அதுதான் என் வண்டியில் ஓடுகிறது.

யோசித்துப் பார்த்தால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுவிட்ச் லிவரின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, கனெக்டர் கீழே கன்சோலில் (முன் சீட்டுகளுக்கு நடுவில் லிவரைச் சுற்றி இருக்கும் பெட்டி) அசையாமல் இருக்கிறது, நடுவில் இருக்கும் நூல் மாதிரியான இரண்டு ஒயர்தான் ஒவ்வொரு தடவை பி-யில் (பார்க்கிங்) இருந்து டி-க்குப் போகும்போதும் வரும்போதும் வளைந்து நிமிர்கிறது. இருபது வருஷம். மலையில் ஓடும் வண்டி என்றால் டி, அதற்குக் கீழ் கியர்களான 2, எல் என்று மாற்றிக்கொண்டே இருப்போம், சமவெளியில் ஓடும் வண்டியைவிட அந்த ஒயருக்கு வேலை அதிகம்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 'கியர் சுவிட்ச்' என்று கேட்டால் கடைக்காரர் ஒன்றைக் கொடுப்பார், மெக்கானிக் மனதில் இன்னொன்று இருக்கும். லிவரில் இருக்கும் ஓ.டி. பட்டன் ஒன்று. லிவரின் அடியில், பி-யில் இருக்கிறதா என்று பார்த்து, பிரேக்கை மிதித்தால்தான் லிவரை விடுவிக்கும் ஷிஃப்ட் லாக்கோடு சேர்ந்த சின்ன சுவிட்ச் ஒன்று. மூன்றாவது கியர்பாக்ஸ் மேலேயே போல்ட் போட்டு இருக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்ச், சிலர் நியூட்ரல் சுவிட்ச் என்பார்கள். பி, என் (நியூட்ரல்) இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுவதும், ஆர் போட்டால் ரிவர்ஸ் விளக்கை எரிய விடுவதும் அதுதான். பி-யில் ஸ்டார்ட் ஆகவில்லை, என்-னில் ஆகிறது என்றால் அந்த மூன்றாவதைப் பார்க்க வேண்டும். லிவர் பி-யை விட்டு வரவே மாட்டேன் என்கிறது என்றால் முதலில் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள், பிரேக் பெடல் சுவிட்சோ அதன் ஃபியூஸோ போயிருந்தாலும் அப்படித்தான் ஆகும். உங்களுடையது இந்த இரண்டும் இல்லை, முதல் வகை.

ஓ.டி. பட்டன் இல்லாமலே ஓட்டினால் என்ன என்று அப்பா கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஓவர் டிரைவ் என்பது வேறொன்றும் இல்லை, 4-வது கியர். 3-வது கியரில் உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் ஏறக்குறைய சமம், 4-வதில் உள்ளே சுமார் 0.7 சுற்று வந்தாலே வெளியே ஒரு சுற்று கிடைத்துவிடும். தட்டையான ரோட்டில் அது வரம், பெட்ரோல் மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் என்ன செய்யும் தெரியுமா, எஞ்சினுக்கு வேலை இல்லை என்று நினைத்து 4-வதுக்குத் தாவிவிடும், எஞ்சின் பிடிமானம் போய் வண்டி உருள ஆரம்பிக்கும், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவீர்கள். பெங்களூரில் இருந்து வரும்போது தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறதே, அங்கே எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் போய் மோதியிருக்கிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கார் இலகு என்றாலும் காரணம் ஒன்றுதான், விடாமல் மிதித்த பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைவது, பழைய பிரேக் ஆயிலாக இருந்தால் அது கொதித்துக் குமிழி கட்டி பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது. தொப்பூர் மாதிரி நீளமான இறக்கத்துக்கென்றே செய்த பட்டன் மாதிரி இருக்கும் இந்த ஓ.டி. ஆஃப்.

ஏற்காடு வேறு விஷயம். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, சேலம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர்கூட இல்லை, மேலே 1,500 மீட்டருக்கு மேல். அந்த இறக்கத்தில் 3-வது கியரே அதிகம், லிவரை 2-ல் போட்டுத்தான் இறங்க வேண்டும், ஊசி வளைவுக்கு முன் தேவைப்பட்டால் எல். ஓ.டி. பட்டனின் அருமை ஏறும்போதுதான் தெரியும்: இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் நேரான ரோடு வந்தால் 4-வதுக்குப் போகும், உடனே திணறி 3-க்கு வரும், மறுபடி போகும். அப்படி மாறி மாறி ஓடினால் உள்ளே இருக்கும் கியர் ஆயில் சூடாகிறது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு முதல் எதிரி சூடுதான். ஆக, பட்டன் சரியாக இருக்க வேண்டும் என்பது வசதிக்காக மட்டும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் கழற்றும் முன், சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, எஞ்சின் போடாமல் பட்டனை அழுத்திப் பாருங்கள். விளக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒழுங்காக மாறினால் சுவிட்சும் ஒயரும் அந்த நேரத்தில் சரியாக இருக்கின்றன. லிவரை ஆட்டினால் மாறுகிறது என்றால் ஒயர். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது, பட்டனுக்கு அசையவே இல்லை என்றால் ஒயர் உராய்ந்து எங்கேயோ பாடியைத் தொடுகிறது, அல்லது சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது. ஆனால் ஓட்டும்போது விளக்கு இண்டிகேட்டர் மாதிரி ஒரே சீராக மினுக்கினால், அது பட்டன் விஷயமே இல்லை, பல கார்களில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் 'எனக்குள் ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது' என்று சொல்லும் பாஷை அது, அப்போது அந்தப் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். தாறுமாறாக மினுக்குவதையும் சீராக மினுக்குவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

விளக்கு ஒழுங்காக இருக்கிறது, ஆனால் வண்டி 4-வதுக்கே போகவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் எஞ்சின் சூடாகும் வரை 4-வது கியரைக் கம்ப்யூட்டர் கொடுக்காது. மார்கழி மாதம் ஏற்காட்டில் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்து அடிவாரம் வரை எஞ்சினுக்கு வேலையே கொடுக்காமல் இறங்கினால், கீழே வந்தும் கொஞ்ச தூரம் 3-லேயே ஓடும். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், சூட்டு முள் பாதிக்கே வராது, 4-வது கியரும் வராது. எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காக கியர்பாக்ஸ் ஆயிலை இரண்டு முறை மாற்றினார், கடைசியில் போனது தெர்மோஸ்டாட்.

இப்போது கழற்றுவது. வண்டியை மலையிலோ சாய்வான தெருவிலோ வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. சோதிக்கும்போது லிவரை எல்லா நிலைக்கும் தள்ள வேண்டி வரும், பி-யை விட்டு வெளியே வந்த நொடியில் வண்டியைப் பிடித்துக்கொள்ள ஹேண்ட் பிரேக் மட்டும்தான் இருக்கும். சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், இது மூன்றும் கட்டாயம்.

அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 ஸ்பேனரால் கழற்றி ஓரமாக வையுங்கள். ஆடியோவுக்குக் கோட் கேட்கும் செட் என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள், பழைய கார் வாங்கியவர்கள் நிறையப் பேருக்கு அது தெரியாது. முனையைக் கழற்றியபின் ஐந்து பத்து நிமிஷம் சும்மா இருங்கள். நிறைய கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் இருப்பது இதே கன்சோலுக்கு அடியில்தான், அதில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். மஞ்சள் நிற கனெக்டர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக்குடையது என்று வைத்துக்கொள்ளுங்கள், கழற்றவும் கூடாது, மீட்டர் முனையை அதில் வைக்கவும் கூடாது.

கன்சோல் மூடி எல்லாம் உள்ளே பிளாஸ்டிக் கிளிப்பில்தான் நிற்கும், இருபது வருஷத்தில் அது அப்பளமாகியிருக்கும். இதற்கு நம் சேலத்து வெயிலே மருந்து. பேட்டரியைக் கழற்றும் முன்பே, கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் பிளாஸ்டிக் இளகிவிடும், அதன்பின் நிழலுக்குக் கொண்டுவந்து கழற்றுங்கள். ஏற்காட்டுக் குளிரில் காலையில் நெம்பி நான் இரண்டு கிளிப்பை உடைத்தேன், அந்த மூடி இன்றும் மேட்டுப் பள்ளத்தில் கடகட என்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பழைய ஏ.டி.எம். கார்டை மெல்லிய துணியில் சுற்றிச் செருகி மெதுவாகத் தூக்குங்கள். லிவரின் கைப்பிடி சில கார்களில் முன்பக்கம் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும், சிலவற்றில் ஒரு கிளிப், சிலவற்றில் நேராக மேலே இழுத்தால் வரும். இழுப்பது என்றால் முகத்தை ஓரமாக வைத்துக்கொண்டு இழுங்கள், திடீரென்று விடுபட்டு வாயில் அடிக்கும். ஒவ்வொரு படிக்கும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள்.

கீழே ஒயர் போய்ச் சேரும் கனெக்டரைக் கண்டுபிடியுங்கள். இரண்டு ஒயர் இருந்தால் இரண்டுமே சுவிட்சுக்கு, நான்கு இருந்தால் மற்ற இரண்டு பெரும்பாலும் இரவில் எரியும் சின்ன பல்புக்கு. கனெக்டரைப் பிரித்து, சுவிட்ச் பக்கத்து இரண்டு பின்னில் மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவு) வைத்துப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் ஒயரின் சொந்த அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள், 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். பிறகு பட்டனை அழுத்துங்கள். இங்கே இரண்டு வகை உண்டு: பேனா மாதிரி ஒருமுறை அழுத்தினால் உள்ளே நிற்கும், மறுமுறை அழுத்தினால் வெளியே வரும் வகை ஒன்று, காலிங்பெல் மாதிரி கையை எடுத்ததும் திரும்பிவிடும் வகை இன்னொன்று. இரண்டாவது வகையில் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் மீட்டர் காட்டும், விட்டதும் போய்விடும், அதைப் பார்த்து கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல சுவிட்ச் சேரும் நிலையில் ஒரு ஓமுக்குக் கீழே, அசையாமல் நிற்கும். 20, 60, 15 என்று எண் குதித்தால் உள்ளே அழுக்கோ அறுந்த ஒயரோ.

எது என்று எப்படிப் பிரிப்பது? பட்டனைத் தொடாமல், சேர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு (இரண்டாவது வகை என்றால் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி) லிவரை பி-யில் இருந்து எல் வரை மெதுவாகக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டதால் ஷிஃப்ட் லாக் விடாது, லிவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு அழுத்தினால் லிவர் விடுபடும். இது தெரியாமல் பலர் லிவரைப் பலம் கொண்டு இழுத்து லாக்கை உடைத்துவிடுகிறார்கள். லிவர் நகர நகர மீட்டர் எண் ஆடினால் ஒயர்தான், சந்தேகமே வேண்டாம். லிவர் எங்கே இருந்தாலும் எண் ஒரே மாதிரி, பட்டனை அழுத்தும் விதத்தைப் பொறுத்து மட்டும் மாறுகிறது என்றால் சுவிட்ச்.

இரண்டுமே சரி என்று வந்தால் இன்னொரு சோதனை. எல்லா கனெக்டரையும் பழையபடி மாட்டி, பேட்டரியையும் மாட்டி, ஓ.டி. கனெக்டரை மட்டும் பிரித்த நிலையில் சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துப் பின்களை டி.சி. வோல்ட்டில் பாருங்கள். பல கார்களில் ஒரு பின் எர்த், மற்றது கம்ப்யூட்டரில் இருந்து வரும் வோல்டேஜ். பட்டனின் வேலை அந்த இரண்டையும் சேர்ப்பது மட்டும்தான். உங்கள் வண்டியில் ஒன்று நிச்சயம் எர்த்தானா என்று மீட்டரால் உறுதி செய்தபின், அந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் ஒரு கணம் இணைத்தால் ஓ.டி. ஆஃப் விளக்கு மாற வேண்டும். மாறினால் கம்ப்யூட்டர் வரை எல்லாம் நலம், 40,000 ரூபாய்க்கு அவசியம் இல்லை. பல்பு ஒயர்களோடு குழப்பிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், எது எது என்று தெளிவாகத் தெரியவில்லை என்றால் இந்தச் சோதனையை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம், கால் மணி நேர வேலை.

சுவிட்ச்தான் என்று வந்தாலும் உடனே தூக்கிப் போடாதீர்கள். முக்கால்வாசி இது டீ, காபி சிந்திய கதை. அடிவாரத்தில் வாங்கிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவோம், வளைவில் நாலு சொட்டு லிவரில் விழும், சர்க்கரை உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். காண்டாக்ட் கிளீனர் என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்து இருபது முப்பது முறை அழுத்தி விட்டால் பல சமயம் சரியாகிவிடும். துருவை இளக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், இன்றைக்கு வேலை செய்யும், பிறகு தூசியைச் சேர்த்து மறுபடி அடைக்கும். மேலே பனியிலும் ஈரத்திலும் நிற்கும் வண்டி என்றால் தகட்டில் பச்சையாகப் பூத்திருக்கும், அது அதிகமாக இருந்தால் மாற்றுவதுதான் நல்லது.

மாற்று சுவிட்ச் தேடும்போது, கம்பெனி டீலரிடம் கேட்டால் நின்றுபோன மாடல் என்பார்கள் அல்லது கைப்பிடி முழுவதையும் சேர்த்துத்தான் தருவோம் என்பார்கள். பழைய பாகம் என்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம், அங்கே பழக்கமானவர் மூலமாகக் கேட்பது நல்லது. ஒரே கம்பெனியின் வேறு மாடலிலும் அதே சுவிட்ச் வந்திருக்க வாய்ப்பு உண்டு. பார்க்க வேண்டியது உருவம் மட்டும் இல்லை: எத்தனை ஒயர், பேனா வகையா காலிங்பெல் வகையா, அழுத்தாமல் இருக்கும்போது சேர்ந்திருக்கிறதா பிரிந்திருக்கிறதா. மூன்றும் உங்கள் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், வாங்கும் இடத்திலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். வகை மாறிப்போனால் பொருந்தி உட்காரும், வேலை மட்டும் தலைகீழாக நடக்கும்.

ஒயர் மாற்றும் வேலைதான் பொறுமை கேட்பது. லிவரின் உள்ளே ஒரு குறுகலான குழாய் வழியாக ஒயர் இறங்கும். பழைய ஒயரை உருவும் முன் அதன் நுனியில் ஒரு பலமான நூலைக் கட்டிவிடுங்கள். பழையது வெளியே வரும்போது நூல் உள்ளே போய் நிற்கும், அந்த நூலில் புது ஒயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும், பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரிதான். இதைச் செய்யாமல் உருவிவிட்டு நான் ஒரு மதியம் முழுக்கக் குழாய்க்குள் ஒயரை விட்டுத் தவித்தேன். நுனியைப் பிடித்து இழுக்க, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய சாமணம் மாதிரி ஒன்று கிடைத்தால் மிகவும் உதவும்.

புது ஒயர் மெல்லிய இழைகள் நிறைய இருக்கிற, தொட்டால் துவளுகிற வகையாக இருக்கட்டும், சிலிக்கான் உறை போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டு வயரிங்கில் மிச்சமான தடித்த கம்பியைப் போட்டால் ஒரு வருஷத்தில் மறுபடி அறுந்துவிடும். சால்டரிங் வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் இந்த வேலையின் உயிர்: ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், விறைத்த இடத்துக்கும் துவளும் இடத்துக்கும் நடுவில்தான் ஒயர் அறுகும். ஆகவே வளையும் பகுதியில் இணைப்பே இருக்கக் கூடாது. ஒரு இணைப்பு மேலே சுவிட்ச் பக்கத்தில் கைப்பிடிக்குள், மற்றது கீழே கன்சோலில் அசையாத இடத்தில், நடுவில் ஒரே துண்டு. இணைப்பின்மேல் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் அதன் பசை உருகி வழிந்து, டேப் தனியாக ஒயர் தனியாகக் கிடக்கும். கீழே கட்டும்போது லிவரை எல்-லில் வைத்து ஒரு முறை, பி-யில் வைத்து ஒரு முறை பாருங்கள், இரண்டு கோடியிலும் ஒயர் இறுகாமல் ஒரு சின்ன வளையம் தொங்க வேண்டும், அந்த வளையம் லிவரின் இரும்பில் உரசவும் கூடாது.

மூடியை எல்லாம் மாட்டும் முன் பேட்டரியைக் கொடுத்துப் பாருங்கள். விளக்கு பட்டனுக்கு மாறுகிறதா, லிவரை ஆட்டினாலும் நிலையாக இருக்கிறதா, பிரேக்கை மிதித்தால்தான் பி-யை விட்டு வருகிறதா, பி, என் தவிர வேறெதிலும் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கிறதா, ஆர் போட்டால் பின் விளக்கு எரிகிறதா. இதெல்லாம் சரி என்றால் மூடுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் சில கார்களில் முதல் சில கிலோமீட்டருக்கு கியர் மாறுவது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அது தானாகச் சரியாகும்.

ஓட்டிப் பார்க்க ஏற்காடு வேண்டாம், ஓமலூர் பக்கம் ஹைவேயில் போங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின் டி-யில் 70-ல் ஒரே சீராகப் போகும்போது பட்டனை அழுத்துங்கள். 4-வதில் 2,100 காட்டிய ஆர்.பி.எம். முள் 3-வதில் 3,000 பக்கத்துக்கு ஏற வேண்டும், 0.7 கணக்கு அதுதான், உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மறுபடி அழுத்தினால் இறங்க வேண்டும். விளக்கு மாறுகிறது, முள் அசையவில்லை என்றால் மட்டும் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டிய விஷயம், அதற்கும் முதலில் ஸ்கேனர்தான், கழற்றுவது இல்லை.

எனக்கு மொத்தம் ஆனது ஒயர், ஸ்லீவ், கிளீனர் ஸ்ப்ரே எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள், அதற்கு முன் தேவையில்லாமல் வாங்கிய சுவிட்ச் தனி. இந்த ஞாயிறு லிவரை ஆட்டிக்கொண்டே ஓம்ஸ் பார்த்துவிட்டு, பி, டி, எல் மூன்று நிலையிலும் என்ன எண் வந்தது, உங்கள் பட்டன் எந்த வகை, கனெக்டரில் எத்தனை ஒயர் என்பதை மட்டும் எழுதுங்கள், எங்கே அறுந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அதுவரை மலை இறங்க வேண்டி வந்தால் பட்டனை நம்ப வேண்டாம், மேலே முதல் வளைவுக்கு முன்பே லிவரை 2-ல் போட்டுவிடச் சொல்லுங்கள் அப்பாவை.